சிரிக்காத பெட்டி

வடகிழக்குக் காற்று தொடங்கிவிட்டால் கடலோர ஊரான துங்ஷியில் பேச்சு குறைந்துவிடும். வாயைத் திறந்தால் மணலும் உப்பும் உள்ளே போகும். சிப்பிக் கொட்டகைப் பெண்கள் தொப்பிக்கு மேல் பூப்போட்ட துணியைக் கட்டி, கண் மட்டும் தெரிய உட்கார்ந்து, மணிக்கணக்காக ஒரு வார்த்தை இல்லாமல் சிப்பி உடைப்பார்கள். கத்தி முனையை மூட்டில் செருகி ஒரு திருகு. ஓடு திறக்கும். சதையைச் சுரண்டிப் பாத்திரத்தில் விட்டு, ஓட்டை முதுகுக்குப் பின்னால் எறிய வேண்டும். கிம்சுவுக்கு இந்தக் காற்று மாதங்கள் பிடித்திருந்தன. நாற்பத்தொன்பது வயதில், ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று யாரும் அவளைக் கேட்காத இடம் அது ஒன்றுதான்.

கொட்டகை எதிர்வீட்டு கியோக்லான் அத்தையுடையது. காலையில் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டி, துடைத்து, துணி மாற்றிவிட்டு கிம்சு அங்கே போவாள். கட்டிலருகே உள்ள மணியை அப்பா அடித்தால் கேட்கும் தூரம். பாதி நாட்களில் ஒரு பாத்திரம் நிறைவதற்குள் மணி கேட்டுவிடும்.

அப்பா சூய்குவான், கடலில் மூங்கில் தெப்பம் கட்டிச் சிப்பி வளர்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் தெப்பத்திலேயே விழுந்தார். வலப்பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சு மட்டும் மெல்லத் திரும்பியது. அம்மா இறந்து பல வருடம். தங்கை கிம்லுவான் கல்யாணமாகி தைச்சுங் நகரத்தில் இருந்தாள். பார்த்துக்கொள்ள இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணை வைத்தார்கள். நாலு மாதம் அப்பா அவள் கையால் ஒரு வாய் கஞ்சி குடிக்கவில்லை. அவள் அழுதுகொண்டே வேறு வீட்டுக்குப் போனாள். பிறகு யாரையும் வைக்கவில்லை. கல்யாணம் ஆகாத மகள் ஒருத்தி வீட்டில் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று ஊரும் நினைத்தது.

கூடத்தில் முன்னோர் பெயர்கள் எழுதிய பலகைக்குத் தினமும் ஊதுபத்தி வைப்பவள் அவள்தான். அந்தப் பலகையில் அவள் பெயர் என்றைக்கும் ஏறாது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அங்கே இடமில்லை. பத்தி முனையை ஊதும்போது சில நாள் அது நினைவுக்கு வரும். யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் பக்கத்து ஊரில் சனிக்கிழமை மதியம் நடந்த ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தாள். பெரியவர்களுக்கான எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு. ஏன் சேர்ந்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. பூ அலங்கார வகுப்பில் இடம் இல்லை என்றார்கள், இதில் இருந்தது. முதல் பாடம் ஒரு எல்இடியை எரிய வைப்பது. நீளக்கால் பிளஸ், குட்டைக்கால் மைனஸ், நடுவில் ஒரு ரெசிஸ்டர். ரெசிஸ்டர் இல்லாமல் நேராக பேட்டரியில் கொடுத்தால் ஒரு நொடி கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தந்துவிட்டுச் செத்துப்போகும். கிம்சு முதல் நாளே அப்படி ஒன்றைக் கொன்றாள். அதன் நெற்றியில் கறுத்த புள்ளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வகுப்போடு அது நின்றுபோனது. ஆனால் சாமான்கள் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. மதியம் அப்பா தூங்கும் ஒரு மணி நேரம், சமையலறை மேஜையில் இஞ்சித்தோலை ஒதுக்கிவிட்டு அவள் தனியாகத் தொடர்ந்தாள். ஓர் எல்இடி. பிறகு இரண்டு. பிறகு மாறி மாறி மின்னும் இரண்டு. தப்பாகச் செருகினால் எரியாது. பிடுங்கித் திருப்பிச் செருகினால் எரியும். வீட்டில் வேறு எதையும் அப்படித் திருப்பிச் செருக முடிந்ததில்லை.

வகுப்பெடுத்த வெய்ரு அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். சியாயி நகரத்தில் கோயில் விளக்குத் தூண்கள் செய்யும் பட்டறையில் வேலை. கிம்சு தான் பற்ற வைத்த சர்க்யூட் பலகைகளைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புவாள். இந்த மாதத் தொடக்கத்தில் வெய்ரு போன் செய்தாள்.

"கிம்சு அக்கா, உங்க சால்டரிங் எங்க ஆளுங்களோடதவிடச் சுத்தமா இருக்கு. ஒரு ஆள் வேணும். ரெண்டு வாரம் கழிச்சு வர்ற திங்கக்கிழமைலேருந்து. பட்டறைக்கு மேல ஒரு அறை இருக்கு, தங்கிக்கலாம். வருவீங்களா?"

கிம்சு பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததை வெய்ரு சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த வார இறுதியில் கிம்லுவானும் போன் செய்தாள். அப்பாவின் பெயரை அவள் கொடுத்து வைத்திருந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஒரு படுக்கை காலியாகியிருந்தது. வரும் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். விட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். பிறகு எப்போது கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "முன்னோர்கிட்ட கேக்கணும்" என்றார்.

பலகைக்கு முன்னால் இரண்டு பிறைக்கட்டைகள் கிடக்கும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. கேள்வியை மனசுக்குள் சொல்லித் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று புடைப்பாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் புடைப்பு என்றால் மறுப்பு. இரண்டும் தட்டை என்றால் சிரிப்பு. கேட்ட கேள்வியைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிக்கிறார்கள் என்று அர்த்தம். பெரிய விஷயத்துக்கு அடுத்தடுத்து மூன்று சம்மதம் விழ வேண்டும்.

திங்களன்று கிம்சு போட்டாள். சம்மதம், சம்மதம், சிரிப்பு. செவ்வாயன்று முதலிலேயே மறுப்பு.

"நீ போட்டா அப்படித்தான் விழும்" என்றார் அப்பா, அறைக்குள்ளிருந்து. "உன் கைக்குள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா? நான்தான் போடணும்."

இடது கையால் அவர் போட்டார். ஒரு கட்டை மெத்தையிலேயே தங்கிவிட்டது. மற்றது கட்டிலுக்கு அடியில் உருண்டு சுவரோரம் செங்குத்தாக நின்றது. கிம்சு முழங்காலிட்டுத் துழாவி எடுத்தாள். துடைத்துப் பலகைக்கு முன்னால் திரும்ப வைத்தாள்.

புதன்கிழமை காலை கொட்டகையில் கியோக்லான் அத்தை, "அந்த மேஜையில என்னத்தடி நோண்டிக்கிட்டே இருக்க? ஒரு நாளைக்குக் கொண்டாந்து காட்டக் கூடாதா?" என்று கேட்டாள். கிம்சு வீட்டுக்குப் போய்ச் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். அவள் கடைசியாகச் செய்தது. பூவா தலையா பார்க்கிற பெட்டி. பொத்தானை அழுத்தினால் இரண்டு சிவப்பு எல்இடியும் மாறி மாறிப் படபடக்கும். விட்டால் ஒன்று நின்று எரியும், மற்றது அணைந்திருக்கும்.

அத்தை கையுறையைக் கழற்றி அழுத்திப் பார்த்தாள்.

"அட, பிறைக்கட்டையா இது?"

"இல்ல அத்தை. பூவா தலையா."

"ஒண்ணு எரியுது, ஒண்ணு எரியல. அப்ப சம்மதம்தானே? இரு, கேப்போம். காத்து நாளைக்கு அடங்குமா?" விளக்குகள் படபடத்து நின்றன. "சம்மதம்! என் மூட்டுவலி போகுமா? சம்மதம்! ஏய், என் மருமகன் குடிய விடுவானா?" எல்லாரும் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "அடிப்பாவி, இதுக்கும் சம்மதமாம்! வாய் கூசாமப் பொய் சொல்லுதுடி இது!"

காற்றையும் மறந்து கொட்டகை சிரித்தது. ஒருத்தி வாயில் போன மணலைத் துப்பினாள்.

"இதுக்கு இல்லைன்னு சொல்லவே தெரியாதா?"

"தெரியாது அத்தை. ஒண்ணு எரிஞ்சா இன்னொண்ணு அணைஞ்சே ஆகணும். அப்படித்தான் கட்டியிருக்கு."

"அதானே. நீ செஞ்சது வேற எப்படி இருக்கும்?" என்றாள் அத்தை. "உனக்கும்தான் இல்லைன்னு சொல்லத் தெரியாது."

மறுபடியும் சிரிப்பு. கிம்சுவும் துணிக்குள் சிரித்தாள். பிறகு கத்தியை எடுத்தாள். அதற்குப் பிறகு உடைத்த சிப்பிகளில் நிறைய ஓட்டுத்தூள் கலந்துவிட்டது. அத்தை பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

அன்று மதியம் கிம்சு பெட்டிக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டினாள். பொத்தானை எடுத்துவிட்டுக் கட்டைவிரலுக்கு வாகாகப் பெரியதாக ஒன்று வைத்தாள். நியாயமாகச் செய்வதென்றால் எப்படி என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு விளக்கையும் தன் போக்கில் நிற்கும்படி தனித்தனியாகக் கட்ட வேண்டும். அப்போது மறுப்பும் வரும், சிரிப்பும் வரும். அதற்கு வேண்டிய இன்னொரு ஐசி சில்லு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. அவள் அதை எடுத்து, அதன் எட்டுக் கால்களையும் விரலால் தடவிவிட்டு, மறுபடி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"என்னது இது?" என்றார் அப்பா.

"கட்டைக்குப் பதிலா, அப்பா. எரியறது தட்டை, அணைஞ்சது புடைப்பு. நீங்களே கேக்கலாம். அழுத்திட்டு விட்டாப் போதும்."

"இது செல்லும்னு யாரு சொன்னா?"

"இப்ப கோயில்லயே போன்ல கட்டை போட வச்சிருக்காங்க. வெளியூர்ல இருக்கிறவங்க அப்படித்தான் கேக்கறாங்க."

"அவங்க வெளியூர்ல இருக்காங்க. நான் எங்க இருக்கேன்?"

கிம்சு போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள். அறைக்கதவு வழியே கூடமும் பலகையும் தெரிந்தன. அவருக்கும் அதற்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது.

அப்பா பெட்டியை இடது கையால் திருப்பிப் பார்த்துவிட்டு, "வச்சிட்டுப் போ. கை பழகட்டும்" என்றார்.

வியாழக்கிழமை அவள் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தபோது மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை. இரண்டு பாத்திரம் நிறைந்தது. பயந்துபோய் ஓடிவந்து பார்த்தாள். அப்பா விழித்துத்தான் இருந்தார். பெட்டி அவர் மார்பின் மேல் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கிம்லுவான் காரில் வந்தாள். காற்றில் கார்க்கதவைத் திறக்கவே அவள் போராட வேண்டியிருந்தது.

"இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா? கஞ்சி இருக்கா அக்கா? பால்மீன் வயிறு போட்டியா? உன் கஞ்சிக்காகத்தான் வந்தேன், இவருக்காக இல்ல. என்னப்பா, இளைச்சுட்டீங்க?"

"நீ எங்க பாத்த? உள்ள வரதுக்கு முன்னாடியே சொல்ற."

"வாய் மட்டும் அப்படியே இருக்கு." அவள் நின்றபடியே கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். "அக்கா, அந்தப் பெட்டியக் காட்டு. இதுதானா? இது மட்டும் வேலை செஞ்சா உனக்கு நான் கோயிலே கட்டறேன்."

அவளிடம் பெட்டியின் சூட்சுமத்தை கிம்சு சொல்லியிருக்கவில்லை.

இருவருமாக அப்பாவைச் சக்கர நாற்காலிக்கு மாற்றிக் கூடத்துக்குத் தள்ளினார்கள். கிம்சு பத்தி ஏற்றினாள். பெட்டியை அவர் மடியில் வைத்தாள். பலகைக்கு இரண்டு பக்கமும் சிவப்பு விளக்குகள் எரிந்தன. அப்பா தலையைக் குனிந்து உதடுகளை அசைத்தார். சத்தம் வரவில்லை. முன்னோரிடம் கேட்பவர் எப்போதும் அப்படித்தான் கேட்பார். அது அவருக்கும் அவர்களுக்கும் நடுவில் உள்ளது.

கட்டைவிரல் அழுத்தியது. படபடத்தது. வலது விளக்கு நின்றது.

"ஒண்ணு" என்றாள் கிம்லுவான்.

மறுபடியும் வலது. அடுத்தது இடது.

"மூணு! மூணுமே சம்மதம்!" அவள் கைதட்டினாள். "அப்பாடா. நல்ல முன்னோர்ங்க. புரிஞ்சவங்க. இரு, போன் போடறேன். இல்லத்துல சொல்லிடறேன்."

"என்ன சொல்லப் போற?" என்றார் அப்பா.

"வர்றீங்கன்னு."

"நான் அதக் கேக்கல."

கிம்லுவான் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"சாகுற வரைக்கும் இந்த வீட்டுலயே இருக்கலாமா, கிம்சு என்கூடவே இருப்பாளான்னு கேட்டேன். மூணு தடவையும் சம்மதம். நீதான் எண்ணின."

கிம்சு பத்திப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவிடுக்கில் வந்த காற்றில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

"ஏமாத்து வேலை!" என்று கத்தினாள் கிம்லுவான். "போறதப் பத்திக் கேக்கறேன்னுதானே சொன்னீங்க? மறுபடி கேளுங்க. இப்பவே, சத்தமாக் கேளுங்க."

"மூணு சம்மதம் விழுந்த பிறகு மறுபடி கேட்டா, அவங்கள நம்பலன்னு ஆகும். உங்கம்மா இருந்தா உன்ன அறைஞ்சிருப்பா."

"அக்கா! நீ சொல்லு. உன் வாழ்க்கைதானே? திங்கக்கிழமை நீ போகணும்தானே? வாயைத் திற அக்கா!"

ஒரு வாக்கியம் போதும். அந்தப் பெட்டிக்குச் சம்மதத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. அவ்வளவுதான். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி, தெரிந்தும் ஏன் செய்தாய் என்பது. முன்னோர் முன்னால், எரிந்துகொண்டிருக்கும் பத்தியின் முன்னால், அந்தக் கேள்வி வரக் கூடாது.

"நேரமாயிடும், குழந்தைய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும்னு சொன்னியே" என்றாள் கிம்சு.

கிம்லுவான் அவளையே பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன. "கல்லு நீ" என்றாள். பையை எடுத்துக்கொண்டாள். "அவங்க அஞ்சு மணிக்கு முன்னாடி இந்த வீட்டு நம்பருக்குக் கூப்பிடுவாங்க. உன் பேர்லதான் எழுதி வச்சிருக்கேன். நீயே சொல்லிக்கோ."

கார் போன பிறகு கிம்சு அப்பாவைத் திரும்பக் கட்டிலில் படுக்க வைத்தாள். தலையணையை முதுகுக்குக் கொடுத்தாள். வெளியே ஓட்டுக் குவியலிலிருந்து சிப்பி ஓடுகள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நேத்து நீ போனப்ப அழுத்திப் பாத்தேன்" என்றார் அப்பா.

அவள் நிமிரவில்லை.

"எத்தன தடவை?"

"எண்ணல. கட்டைவிரல் வலிக்கிற வரைக்கும். ஒரு தடவைகூடச் சிரிக்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "எழுபத்தெட்டு வருஷத்துல நம்ம பெரியவங்க அவ்வளவு நேரம் சிரிக்காம இருந்து நான் பாத்ததில்ல."

"அப்ப தெரிஞ்சேதான் கேட்டீங்களா?"

"நீ தெரிஞ்சேதானே செஞ்ச?"

அதில் கோபம் இல்லை. வலையில் என்ன விழுந்தது என்று கரையில் நிற்பவனிடம் சொல்கிற குரல். கிம்சு பெட்டியை எடுத்துப் பின்மூடியைத் திறந்து பேட்டரியை உருவினாள். அதை மேஜையின் மேல் நிறுத்தி வைத்தாள்.

"இப்ப முன்னோர் இல்ல அப்பா. நான் உங்களக் கேக்கறேன். நீங்க சொல்லுங்க. போறீங்களா, மாட்டீங்களா?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் அவள் கேட்டதே இல்லை. போக மாட்டேன் என்றால் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். நான் போகிறேன், நீங்கள் எங்கே இருப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்ற வார்த்தைகள் தயாராக இருந்தன. ஒவ்வொன்றையும் இடம் மாறாமல் சொல்ல அவளால் முடியும்.

அப்பா கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பயமா இருக்கு, கிம்சு."

காற்று தகரக் கதவை அடித்தது.

"வெளியில செத்தவனக் கூடத்துக்குள்ள கொண்டு வர மாட்டாங்க. தெரியும்ல? உங்க பெரியப்பா ஆஸ்பத்திரியில போனாரே, தெருவுல பந்தல் போட்டுத்தான் வச்சாங்க. மழை. நான் பக்கத்துல நின்னேன். கூடத்துக்கும் அவருக்கும் நடுவுல ஒரு வாசப்படிதான்."

"கடைசி நேரத்துல வண்டியில கொண்டு வந்துடுவோம். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?"

"கடைசி நேரம் எதுன்னு யாருக்குத் தெரியும்? நடுவுல நான் மணியடிச்சா அங்க யாரு வருவாங்க?"

அவர் சிணுங்கவில்லை. அவள் மனசைக் கரைப்பதற்காகச் சொல்லவும் இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அவளால் எழுந்து போயிருக்க முடியும். தயாராக வைத்திருந்த வார்த்தைகளை அவள் தேடினாள். அவை மறுப்புக்காகச் செய்தவை. பயத்துக்குப் பொருந்தவில்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கூடத்தில் போன் அடித்தது. அவள் எழுந்து போனாள். மறுமுனையில் ஒரு இளம்பெண் மிக மரியாதையாகப் பேசினாள். அவசரப்படுத்தவில்லை. தேவைப்பட்டால் ஐந்து வரைக்கும் காத்திருக்கலாம் என்றாள்.

"வேணாம்" என்றாள் கிம்சு. "அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க."

கையில் போன் இருக்கும்போதே வெய்ருவுக்கும் போட்டாள். வெய்ரு ஏன் என்று இரண்டு முறை கேட்டாள். காரணம் சொல்லாமல், திங்கட்கிழமை வர முடியாது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். யாருக்கும் அவள் இவ்வளவு தெளிவாக 'இல்லை' என்று சொன்னதில்லை. ஒரே மாலையில் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டாள். இரண்டும் தன் வாயாலேயே சொன்னவை. இனி யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அறைக்குத் திரும்பியபோது அப்பா எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"அந்த வேலையில நீ என்ன பண்ணணும்?"

இரண்டு வாரமாக அந்த வேலை இந்த வீட்டில் பேசப்பட்டிருந்தது. அவர் இதைக் கேட்டதில்லை.

"விளக்குப்பா. கோயில்ல சுத்தி அடுக்கு அடுக்கா நிக்குமே, ஒவ்வொரு விளக்குக்குக் கீழயும் ஒரு பேர் எழுதி. அந்தத் தூணு. ஒரு தூணுக்கு ஆயிரம் வரும்."

"ஆயிரத்தையும் நீயே வைக்கணுமா?"

"கையாலதான். ஒவ்வொண்ணா."

"கை சுடாதா?"

"முதல்ல சுடும். பழகிடும்."

அவர் தலையை ஆட்டினார். "எப்ப வரச் சொன்னாங்க?" என்றார்.

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு என்ன?"

"வெள்ளி."

அப்பா இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்தார். வெள்ளி என்று சுண்டுவிரலை மடக்கினார். சனி, ஞாயிறு என்று அடுத்த இரண்டையும் மடக்கினார். திங்களுக்கு ஆட்காட்டி விரலிடம் வந்ததும் நிறுத்தினார். அது மடங்காமல் நீட்டியபடியே நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிம்சு அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.